பதினேழாவது அழைப்பு

பிப்ரவரி 9

வாலுக்கு,

இந்தப் பெயரில் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

உன் மின்னஞ்சல் பெட்டி என் கடிதத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. "டிரைவர் நிரல் பற்றிய தனிக் கடிதங்களை நான் படிப்பதில்லை. பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு எழுதுங்கள்" என்று ஓர் இயந்திரப் பதில். கூடப் பிறந்தவனுக்கும் அதே பதில்தான். தொலைபேசியையும் நீ எடுப்பதில்லை. காகிதத்துக்கு அப்படி ஒரு வடிகட்டியை இன்னும் நீ கண்டுபிடிக்கவில்லை என்று நம்பி இதைத் தபாலில் போடுகிறேன்.

படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்ட விடுவேன் என்று உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க. புரியலைன்னா நீங்க சண்டை போடறீங்களா, சமாதானம் பேசறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே எழுதினால் பொறுத்துக்கொள்.

ஒரு விடுதியை நினைத்துக்கொள். விருந்தாளி வந்தால் பொதுக் கிடங்கிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். போகும்போது வாங்கித் திரும்பக் கிடங்கில் வைப்பார்கள். நீ பார்த்துக்கொள்ளும் யூ.எஸ்.பி. ஹோஸ்ட் கண்ட்ரோலர் டிரைவர்தான் அந்த விடுதி. கணினியில் விசைப்பலகையைச் செருகினாலும் ஹெட்செட்டைச் செருகினாலும் அதோடு பேசுகிற நிரல் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் உன் சம்மதமில்லாமல் ஒரு வரி சேர்க்க முடியாது. துண்டு என்பது மெமரி.

எங்கள் நிறுவனத்தின் சிப்புக்குள் தனியாக ஒரு சின்ன மெமரி இருக்கிறது. ஒலித் தகவல் அங்கே இருந்தால் பெரிய செயலி தூங்கலாம். சின்ன ஒலிச் செயலி மட்டும் விழித்திருந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு நாங்கள் கேட்பது என்ன? துண்டு கொடுக்கும் இடத்திலும் திரும்ப வாங்கும் இடத்திலும் ஒரு கேள்வி: "இந்த விருந்தாளிக்குத் தனி அலமாரி இருக்கிறதா?" இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் வழக்கம்போலக் கிடங்கு. அந்தக் கேள்விக்குப் பெயர்தான் ஹூக். வேறு எந்த நிறுவனத்துக்கும் இதனால் ஒரு மயிரிழை இடைஞ்சல் கிடையாது.

இந்தச் சிப்பை வைத்து நாங்கள் செய்யும் அழைப்புப் பெட்டிகள் எங்கே போகப் போகின்றன என்பதும் உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கு. இப்போது அவர்களிடம் இருக்கும் பழைய பெட்டி, மின்சாரம் போனால் இரண்டு மணி நேரத்தில் செத்துவிடுகிறது. எங்களுடையது ஒன்பது மணி நேரம் நிற்கும். யாரோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிடும்போது எதிர்முனையில் கேட்க ஒரு காது இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

இதைச் சேர்க்கும் திருத்தத்துக்குத்தான், அதாவது பேட்சுக்குத்தான், நீ எட்டாவது முறையாக மறுப்பு எழுதினாய். அதுவும் எப்படி? "இந்த ஹூக்கைப் பயன்படுத்தும் ஒரு வரிகூட இங்கே இல்லை. ஆள் குடியில்லாத வீட்டுக்கு அழைப்பு மணி பொருத்த மாட்டேன்." ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கும் பட்டியலில்! மறுநாள் காலை என் மேசை விளிம்பில் யாரோ ஒரு சைக்கிள் மணியைத் திருகி வைத்திருந்தார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அடித்துவிட்டுப் போகிறான்.

எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஆறு பேர் ஒரு வருடமாக உழைத்திருக்கிறார்கள். அண்ணன் என்று பார்க்க வேண்டாம். ஒரு மனுஷன் என்றாவது பார்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

அண்ணி படிப்பார்கள் என்பதால் நானும் உன் விடுதியிலேயே தங்கிக்கொள்கிறேன்.

தனி அலமாரி வேண்டும் என்கிறாய். சரி. அந்த அலமாரி எங்கே இருக்கிறது? எத்தனை துண்டு கொள்ளும்? துண்டு தீர்ந்துபோனால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? எட்டு முறை கேட்டேன். எட்டு முறையும், "அது நிறுவனத்தின் ரகசியம்" என்று பதில். சுவரில் ஓர் ஓட்டை மட்டும் நான் போட்டுத் தர வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

நான் இந்த விடுதியை அவ்வப்போது இடித்துக் கட்டுகிறவள். கட்டிடம் பழசாகும், வழிகள் மாறும். எதை இடிக்கும்போதும் அதற்குப் பின்னால் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்குவேன். பார்க்க முடியாத அலமாரியை நான் எப்படிக் காப்பாற்றுவேன்? என்றைக்காவது என் கடப்பாரை அதில்தான் விழும். அன்றைக்கும் நீ என்னைத்தான் திட்டுவாய்.

ஆகவே பழைய பதிலேதான். ஹூக்கோடு சேர்த்து, அதைப் பயன்படுத்தும் உங்கள் நிரலையும் பொதுவில் வை. வைத்த அன்றே உட்கார்ந்து படிக்கிறேன். வைக்காவிட்டால் எண்பதாவது முறையும் இதே பதில். இந்த விதி உனக்காகச் செய்ததில்லை. உனக்காக மாற்றுவதற்கும் இல்லை.

இனி நான் எழுதப்போவது டிரைவரைப் பற்றி அல்ல.

உங்கள் மேலாளர் எனக்கு ஒரு கடிதம் போட்டார். எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்பாரே, அவர்தான். அதில் இருந்த வாக்கியம் இது: "உங்கள் அண்ணன் இதை வீட்டு விஷயமாகப் பேசி முடித்துத் தருவதாகப் போன வருடமே உறுதியளித்திருந்தார்." விசாரித்தேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாயாம்: "அது நம்ம வீட்டுப் பிள்ளைதாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்."

பதினோரு வருடம் அண்ணா. ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு ஆளோடும் சண்டை போட்டு, "இந்தம்மா ஒத்துக்கிட்டா சரியாத்தான் இருக்கும்" என்று நாலு பேர் சொல்லும்படி ஒரு பெயர் வாங்கியிருக்கிறேன். அதை நீ ஒரு கூட்டத்தில் எடுத்து உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். என்னைக் கேட்கக்கூட இல்லை.

அந்த அழைப்பு மணி வாக்கியத்தை எழுதியபோது என் மனத்தில் இதுதான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கியம் கடுமையாக இருந்ததால் முடிவு தப்பாகிவிடாது.

உன் தங்கை
(வாலு இல்லை)


மார்ச் 6

தங்கைக்கு,

சொன்னேன். ஆமாம், சொன்னேன். சொன்னால் என்ன? உன் கையைப் பிடித்துக் கையெழுத்தா வாங்கினேன்? ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே தொழிலில் இருந்தால் ஒருவர் சொல் இன்னொருவர் காதில் ஏறும் என்று நினைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி, "அவ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடும் பேச்சு இல்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாமல் ஒட்டுகிறேன்.

நிரலைக் காட்டு, நிரலைக் காட்டு என்கிறாயே, அது என் சட்டைப் பையிலா இருக்கிறது? சட்டப் பிரிவு மூன்று மாடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்கவில்லை என்று நினைக்கிறாயா? நான்கு முறை கேட்டேன். மேலாளர் நான்கு முறையும் "பார்க்கலாம்" என்றார். உனக்கு மேலே யாரும் இல்லை. அதனால் எல்லாருக்கும் மேலே யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறாய்.

உனக்கு மனிதர்களைவிட விதிகள் முக்கியம் என்று நான் இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் நீ எங்கே இருந்தாய்? வராண்டாவில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவன் அனுப்பிய பேட்சைப் படித்துக்கொண்டிருந்தாய். அவனுக்குக் கொடுத்த நேரத்தை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

உன் சம்மதம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஹூக்கை நாங்களே எங்கள் பிரதியில் சேர்த்துக்கொள்கிறோம். நீ புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அதன்மேல் எங்கள் பேட்சை ஒட்டி அனுப்புவோம். ஏப்ரல் முடிவதற்குள் நாற்பது பெட்டிகள் போய்ச் சேரும். எந்த மணியை அடித்தும் யாரும் எங்களை நிறுத்த முடியாது.

அண்ணன்


மார்ச் 15

அண்ணாவுக்கு,

வராண்டாவில் நான் இருந்தேன். பதினோரு நாள், அந்த இரும்பு நாற்காலியில். அறைக்குள் ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். அந்த ஒருவராகப் பெரியம்மாவை விட்டேன். அம்மா அவரைத்தான் கேட்டார். வெளியே உட்கார்ந்து எதையாவது படிக்காவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும்.

நீ தொலைபேசியில் இருந்தாய். "இந்த வாரம் டெலிவரி, அடுத்த வாரம் வந்துடறேன்" என்று. அடுத்த வாரம் நீ வந்தபோது என்ன மிச்சம் இருந்தது?

பெட்டிகளை அனுப்பு. இனி எனக்கு எழுதாதே.

தங்கை


ஜூன் 30

எழுதாதே என்றாய். மூன்றரை மாதம் எழுதவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

இந்த மாதம் பதினான்காம் தேதி பிற்பகல், ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எங்கள் பெட்டிகளில் ஒன்று ஊமையாகிவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் இடது கைப்பக்கம் எங்கள் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. ஏழாம் மேசையில் இருக்கும் அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"பச்சை எரிஞ்சா லைன்ல ஆள் இருக்காங்கன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? எரிஞ்சுது. 'சொல்லுங்க, என்ன ஆச்சு, எங்கிருந்து பேசறீங்க'ன்னு கேட்டேன். சத்தமே இல்ல. பேசாத அழைப்புன்னா முப்பது செகண்ட் பார்த்துட்டு வெக்கணும்னு ரூல். வெச்சேன். திரும்ப அதே நம்பர். திரும்ப வெச்சேன். மூணாவது தடவை, யாரோ குழந்தை விளையாடுதுன்னே நினைச்சுட்டேன் சார்."

அவர் நிறுத்திவிட்டு, "நல்லா எழுதிக்கங்க. குழந்தை விளையாடுதுன்னு நினைச்சேன். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

ஒரே எண் திரும்பக் கூப்பிட்டால் முதலில் எடுத்த மேசைக்கே போக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அதனால் மூன்று முறையும் அவரிடமே வந்தது. கூப்பிட்டது ஒரு பெண். அவருடைய கணவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். வேலைக்குக் கிளம்பும்போது பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். கடைசியில் எதிர்வீட்டுக்காரரின் சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பத்தொன்பது நிமிடம் வீணாகிவிட்டது. உயிர் இருக்கிறது. வலது கை இல்லை. கை இருக்கிறது, விரல் மடங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. பழைய விடுதிக்கே வருகிறேன், அண்ணி படிக்கிறாள். அழைப்பு இல்லாத நேரத்தில் பெட்டி தூங்கும். அழைப்பு வந்தால் விழிக்கும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பழைய துண்டைத் திருப்பி வைத்துவிட்டுப் புதுத் துண்டு எடுக்கும். எங்கள் அலமாரியில் பதினாறு துண்டுகள். நீ மே மாதம் வெளியிட்ட பதிப்பில் விழிக்கும் வழியை மாற்றியிருக்கிறாய். துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் நீண்ட வழியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக் கிடங்கில் போடும் குறுக்கு வழி. அந்த வழியில் எங்கள் ஹூக்கைக் கேட்பார் இல்லை. கிடங்கோ, இது என் துண்டு இல்லை என்று மூலையில் எறிந்துவிட்டது. அன்று காலைதான் முதலாவதாக ஏழாம் மேசைப் பெட்டியில் அந்தப் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். பதினாறு அழைப்புகள்வரை ஒரு குறையும் இல்லை. பதினேழாவது அழைப்பு வந்தபோது அலமாரி காலி. இணைப்பு இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் இல்லை.

எங்கள் சோதனை அறையில் பத்து முறை தூங்கவைத்து எழுப்பிப் பார்த்துவிட்டு அனுப்பினோம். பத்து முறை!

எங்கள் பேட்ச் உன் புதுப் பதிப்பின்மேல் ஓர் உரசல்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டது. எங்கேயாவது முட்டியிருந்தால் யாராவது பார்த்திருப்போம். முட்டவில்லை.

நிறுவனம் விசாரணைக்கு ஓர் அறிக்கை தயார் செய்திருக்கிறது. "பொது டிரைவரில் முன்னறிவிப்பின்றிச் செய்யப்பட்ட மாற்றமே காரணம்" என்று முதல் வரி. அடுத்த வரியில் உன் பெயர். கீழே கையெழுத்துப் போட வேண்டியது குழுத் தலைவன், நான்.

இன்னும் போடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உலகத்தில் இந்த ஹூக்கை வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். உனக்கு அது தெரியும். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வரி? என்மேல் இருக்கும் கோபத்துக்கு அந்தக் கண்ணாடிக்காரர் என்ன செய்தார்?

அண்ணன்


ஜூலை 11

அண்ணாவுக்கு,

கையெழுத்துப் போடுவதாக இருந்தால் தேதியைச் சரியாக எழுது. அந்த மாற்றத்தை நான் பட்டியலில் வைத்தது மே இரண்டாம் தேதி. சேர்த்தது பதினாறாம் தேதி. இரண்டு வாரம் எல்லார் கண் முன்னாலும் கிடந்தது. டிரைவரின் எந்தப் பகுதியை மாற்றினாலும், முன்பு அந்தப் பகுதிக்கு பேட்ச் அனுப்பியவர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி தானாகவே போகும். எட்டு முறை அனுப்பிய உனக்குப் போகாமலா இருக்கும்? "முன்னறிவிப்பின்றி" என்ற வார்த்தையின் கீழே நீ கையெழுத்துப் போட்டால் அதற்குப் பிறகு நான் உன்னை அண்ணா என்று கூப்பிட மாட்டேன்.

என் விதிப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. பொதுவில் இல்லாத ஒன்றை நான் உடைக்க முடியாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், இதைத்தான் சொல்வார்கள். பிப்ரவரியில் உனக்கு இதைத்தான் எழுதினேன், கடப்பாரை அந்த அலமாரியில்தான் விழும் என்று. விழுந்தது. உன் கடிதம் வந்த அன்று இப்படி நான்கு பக்கம் எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தது. படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால், தெரியும். எனக்குத் தெரியும்.

அந்த மாற்றத்துக்கு விளக்கம் எழுதும்போது கடைசியில் ஒரு வரி அடித்தேன்: "தனியாக மெமரி ஹூக் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: இனி விழிக்கும் வழியில் உங்கள் ஹூக் கூப்பிடப்படாது." அடித்து முடித்தபோது உன் முகம் ஞாபகம் வந்தது. 'எந்த மணியை அடித்தும் யாரும் எங்களை நிறுத்த முடியாது' என்று எழுதினாயே, அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. ரகசியமாக வைத்திருக்கிறவன் ரகசியமாகவே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வரியை அழித்தேன்.

உங்கள் சோதனையில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும், இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், பிறகு நீ வந்து கேட்பாய் என்று கணக்குப் போட்டேன். நீ வந்து கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மேசை, ஒரு பச்சை விளக்கு, ஒரு மனிதர், எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தும் இல்லை.

இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அழித்த வரிக்குச் சாட்சி கிடையாது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆனால் நீ ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். மே இரண்டாம் தேதி என் கடிதம் உன் பெட்டிக்கு வந்தது. நீ ஏன் படிக்கவில்லை?

தங்கை


ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

ஏன் படிக்கவில்லை என்று கேட்டாய். மார்ச் மாதம் உன் கடைசிக் கடிதம் வந்த அன்று, என் அலுவலகப் பெட்டியில் நானும் ஒரு வடிகட்டி போட்டேன். உன் பெயரில் எது வந்தாலும் "அப்புறம்" என்ற கோப்புறைக்குப் போய்விடும். உன் கடிதம் கிடைத்த பிறகு அதைத் திறந்தேன். நாற்பத்தொன்று கிடந்தன. மே இரண்டாம் தேதியுடையதை வாசித்து முடிக்க ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது பத்தியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உன் ஒரு வரி இல்லாமலே விளங்கிவிட்டது. உன்னைத் திட்ட எனக்கு மிச்சம் இருந்ததையும் அது பிடுங்கிக்கொண்டது. அந்தக் கோபமும் உன்மேல்தான்.

அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. மேலாளரிடம் போய், "பத்து தடவைதான் சோதிச்சோம், வந்த அறிவிப்பை நான் படிக்கல, நம்ம நிரலை யாருக்கும் காட்டல. இந்த மூணையும் எழுதினாத்தான் போடுவேன்" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க சார், நான் விசாரணைக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டேன். அங்கே மூன்றையும் சொன்னேன். ஆம்புலன்ஸ் நிர்வாகம் மேலாளரைப்போல மென்மையாகப் பேசவில்லை. நிரலை வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் நாற்பது பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றது. மூன்று மாடி மேலே இருந்தவர்கள் ஒரே வாரத்தில் கீழே இறங்கி வந்தார்கள். ஹூக்கும் அதைப் பயன்படுத்தும் நிரலும் சேர்ந்த ஒன்பதாவது பேட்ச் திங்கட்கிழமை உன் பட்டியலுக்கு வரும். அதுவரை பெட்டிகள் தூங்காமல் வேலை செய்கின்றன. மின்சாரம் போனால் பழையபடி இரண்டு மணி நேரம்தான். அனுப்பப்போவது நான் இல்லை. என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையேடு எழுதும் பிரிவில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதைப் படித்தால் நீ என்னைக் கொல்ல வருவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனேன். நிறுவனம் போகக் கூடாது என்றது. அண்ணி, "போகாம வீட்டுக்கு வந்தா சோறு கிடையாது" என்றாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன வீடு. சுவர் ஓரமாகச் சாக்கு சுற்றிய கண்ணாடித் தகடுகள் சாய்ந்திருந்தன. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு பேசியது அவர் மனைவிதான்.

நான் விடுதி, துண்டு, அலமாரி என்று ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"துண்டுக் கதையெல்லாம் எனக்கு வேணாங்க. நான் மூணு தடவை கத்தினேன். 'விழுந்துட்டாரு, வாய் கோணுது'ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அது ஏன் போய்ச் சேரல? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரு எச்சரிக்கை வந்திருந்துச்சும்மா. நான் பாக்கல" என்றேன்.

"ஏன் பாக்கல?"

"அனுப்பினது என் தங்கச்சி. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "அவங்களுக்குத் தெரியுமா? இப்படி ஆகும்னு?" என்று கேட்டார்.

அந்த வீட்டில், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்னிடம் மட்டும் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். அழித்த வரியைச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து போய்க் கணவர் பக்கத்தில் நின்றார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரும் படிச்சவங்க. ஒரு வயித்துல பொறந்தவங்க. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டதுக்கு இவரு கை போச்சா?" அவருடைய கணவர் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை சரியாக வரவில்லை. "நீ சும்மா இருய்யா, நான் கேட்கிறேன்" என்று அவரையும் அதட்டிவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அண்ணன்


ஆகஸ்ட் 14

அண்ணாவுக்கு,

கொல்லத்தான் தோன்றியது. உறையைப் பிரித்த இடத்திலேயே, அஞ்சல் பெட்டிப் பக்கத்தில் நின்று படித்தேன். உன்னை நம்பிச் சொன்ன ஒன்றை, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய்க் கொட்டியிருக்கிறாய். போன வருடம் கூட்டத்தில் என் பெயரை எடுத்தாய், இப்போது இதை. என்னுடையது எது, உன்னுடையது எது என்று உனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

இரண்டு நாள் இதே கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கே தெரிந்தது, நீ சொன்னது இல்லை என் கோபம். அதை நான் போய்ச் சொல்லாமல், நீ போய்ச் சொல்லும்படி விட்டதுதான். கண்டுபிடிக்க முடியாது, சாட்சி கிடையாது என்றெல்லாம் உனக்கு எழுதினேனே, அது எப்படிப்பட்ட ஆள் எழுதும் வாக்கியம் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒன்பதாவது பேட்ச் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து உங்கள் நிரலை முழுசாகப் படித்தேன். பதினான்கு தப்புகள். மெமரி போதாமல் எடுத்த துண்டுகளைப் பாதியில் திருப்பி வைக்கும் வழியில் ஹூக்கே கூப்பிடப்படவில்லை. வேறு ஒரு நாள், வேறு ஒரு மேசை ஊமையாகியிருக்கும். நிராகரித்துவிட்டேன். பதினான்கையும் காரணத்தோடு எழுதியிருக்கிறேன், கிண்டல் ஒன்றும் இல்லாமல். பத்தாவதை அனுப்பச் சொல். கையேட்டுப் பிரிவில் இருந்தாலும் உனக்குக் கண் இருக்கிறது அல்லவா, அனுப்புவதற்கு முன் நீ ஒரு முறை படி. நாற்பது முறை தூங்கவைத்து எழுப்பச் சொல்.

விசாரணைக் குழுவுக்கு நானும் எழுதிவிட்டேன். பொதுப் பட்டியலிலும் வைத்துவிட்டேன். எச்சரிக்கை ஒன்று தேவை என்று தெரிந்தே தவிர்த்தேன் என்று, என் பெயரில். சிலர் எனக்காக வாதாடுகிறார்கள், விதிப்படி இந்தம்மாமேல் தப்பே இல்லை என்று. படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது. இந்த டிரைவரை நான் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை. அண்ணியிடம் சமைக்க வேண்டாம் என்று சொல். உன்னோடு உட்கார்ந்து சாப்பிடும் நிலையில் நான் இன்னும் இல்லை, வராண்டாவைப் பற்றி நீ எழுதியது அப்படியே இருக்கிறது.

பத்து மணிக்கு அந்தத் தெருமுனையில் நில். வீட்டைக் காட்டு. உள்ளே நான் மட்டும் போகிறேன். அந்த அம்மா என்ன கேட்டாலும் அதற்கு மட்டும் பதில் சொல்வேன். கதவைத் திறக்க மாட்டேன் என்றால் படியில் உட்கார்ந்திருப்பேன்.

எவ்வளவு நேரம் ஆனாலும் நீ போய்விடாதே.

தங்கை